லாரி நிற்பதை ஓய்வு என்று எழுதாதீர்கள்

"அவன் ரெஸ்ட்லதானே டாக்டர் இருந்தான்? வண்டி ரெண்டு நாளா நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?"

என்னிடம் நோயோடு வரும் லாரி டிரைவர்களைப் பற்றிப் போனில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. லாரி முதலாளி கேட்கிறார், புக்கிங் ஆபீஸில் இருப்பவர் கேட்கிறார், சில நேரம் டிரைவரின் சொந்த மகனே கேட்கிறான். போன வாரம் கேட்டவரிடம் குரலை உயர்த்தியே பதில் சொன்னேன். பாதியில் போனை வைத்துவிட்டார். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நவி மும்பையில் களம்போலி பக்கம் கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர் நான். இரும்பு மார்க்கெட் இங்கேதான். பக்கத்தில் தலோஜா தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் நாவா சேவா துறைமுகத்துக்குப் போகும் சாலை. தமிழ் பேசும் டாக்டர் என்று கேள்விப்பட்டு நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வண்டிக்காரர்கள் தேடி வருவார்கள். முதுகுவலி, சிறுநீர்க் கல், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று நோயின் பெயர் மாறும். "எப்ப இருந்து இங்க நிக்கறீங்க?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "முந்தாநாத்து வந்தனுங்க. லோடு இறக்க இன்னும் உள்ள கூப்பிடலீங்க."

போன வாரம் வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். சேலத்திலிருந்து ஜவ்வரிசி லோடு. (விரத நாளில் மகாராஷ்டிரத்துக்காரர்கள் சாப்பிடும் சாபுதானா கிச்சடிக்கு நம் சேலம்தான் மூலம்.) பன்வேல் பக்கம் ஒரு கோடவுன் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். காலையில் டீயோடு சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, வண்டியோரம் ஸ்டவ் பற்றவைத்து அரிசி களைந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். விட்டால் டோக்கன் போய்விடும். அரிசியை அப்படியே மூடி வைத்துவிட்டு வண்டியை உள்ளே எடுத்திருக்கிறார். உள்ளே போன டிரைவர் கேபினை விட்டு இறங்கக் கூடாது என்பது அங்கே விதி. லோடுமேன்கள் வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அதற்குள் வேர்த்துக் கொட்டி, வாய் குழறி, ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் முன்னால் எடுத்திருக்கிறார். செக்யூரிட்டி பதிவேட்டில் எழுதியது: டிரைவர் குடித்திருக்கிறார்.

அடுத்த வண்டியில் நின்ற திருச்செங்கோட்டுத் தம்பி சண்டை போட்டு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி 38. ஊசி வழியாக குளுக்கோஸ் ஏறி, கண் திறந்து, அவர் கேட்ட முதல் கேள்வி, "டோக்கன் எங்கீங்க?"

அவர் குடிக்கிற பழக்கமே இல்லாதவர். ஆனால் பதிவேட்டில் ஒரு முறை குடிகாரர் என்று ஏறிவிட்டால் அந்தக் கேட்டில் அடுத்த லோடுக்கு அவரை விடுவார்களா என்று தெரியாது.

சரி, ஓய்வுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

வண்டி நின்றால் டிரைவர் ஓய்வெடுக்கிறார் என்பது ஏசி அறையில் திரையில் வண்டியைப் பார்ப்பவர்களின் கணக்கு. ஜிபிஎஸ் புள்ளி நகரவில்லை, அதனால் ஆள் தூங்குகிறான். வாசலில் வந்து பாருங்கள். முப்பது வண்டி வரிசையில் நிற்கும். முன்னால் ஒரு வண்டி உள்ளே போனால் பின்னால் இருப்பவை ஒரு வண்டி நீளம் நகர வேண்டும். நகராமல் தூங்கிவிட்டால் பின்னால் நிற்பவன் ஒலிப்பானை அமுக்குவான், இல்லாவிட்டால் ஓரமாக முந்திக்கொண்டு போய்விடுவான். இதோடு டீசல் டேங்க், பேட்டரி, தார்ப்பாய் மூன்றுக்கும் காவல். காணாமல் போனால் டிரைவர் கணக்கில்தான் பிடிப்பார்கள். முன்பு கிளீனர் இருந்தார், ஒருவர் படுத்தால் ஒருவர் விழித்திருக்கலாம். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியையும் 2018-இல் எடுத்துவிட்டார்கள். இன்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தனி ஆள்.

தூக்கம் என்பது ஏறக்குறைய 90 நிமிடச் சுற்று. மேலோட்டமான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று போய்த் திரும்ப வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து வண்டியை நகர்த்துகிறவர் அந்தச் சுற்றை ஒரு தடவைகூட முடிப்பதில்லை. இப்படி எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் உடல் அதைத் தூக்கமாக ஏற்காது. கைக்குழந்தை வைத்திருக்கும் எந்தத் தாயையும் கேளுங்கள், எட்டு மணி நேரம் கட்டிலில் இருந்ததும் தூங்கியதும் ஒன்றா என்று சொல்வாள். "படுத்துத்தானே இருந்தான்" என்று இனி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

அப்புறம் இரவு ஒன்பதுக்கு அன்லோடு முடியும். உடனே முதலாளியின் போன்: புனேயில் ரிட்டர்ன் லோடு இருக்கு, விடியறதுக்குள்ள போயிடு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவருக்குச் சமமாகக் குறைகின்றன என்பது சோதனைகளில் பார்த்த விஷயம். நம் சட்டம் அனுமதிக்கும் அளவு 30. அதாவது ஒரு சொட்டு குடிக்காமலே இவர் வரம்பைத் தாண்டியவர். ஊதச் சொல்லும் போலீஸ்காரரின் கருவியில் இது தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு வினாடி கண் சொருகினால் வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் தானாக ஓடியிருக்கும். புனே போகும் வழியில் லோனாவாலா மலைப்பாதையில் அந்த 90 மீட்டரில் என்னென்ன இருக்கும் என்று டிரைவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்தக் காத்திருப்புக்குக் காசாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. வாடகையில் இத்தனை சதவீதம், அல்லது டிரிப்புக்கு இவ்வளவு, அதற்கு மேல் ஒரு படிக்காசு. சக்கரம் உருண்டால்தான் சம்பளம். நிற்கும் நாளில் ஹோட்டல் சாப்பாடும் குளிக்கக் கொடுக்கும் காசும் கைப்பணம். ஹால்டிங் (காத்திருப்புக் காசு) என்று சரக்குப் பார்ட்டி ஏதாவது கொடுத்தாலும் அது முதலாளி கணக்குக்குப் போகும். பாதி நேரம் அதையும் கொடுக்காமல் இழுத்தடிப்பார்கள் என்று முதலாளிகளே என்னிடம் புலம்புகிறார்கள். இரண்டு நாள் காத்திருப்பில் போன வருமானத்தை டிரைவர் எங்கே ஈடு கட்டுவார்? ராத்திரி ஓட்டத்தில்தான். என் மேஜைக்கு வரும் நோயில் பாதி அங்கே உற்பத்தியாகிறது.

வக்கீல் நண்பர் ஒருவர் சட்டத்தை எடுத்துக் காட்டினார். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று பொது வரம்பு வைத்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனத்துக்கு அது செல்லவில்லை. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம். வேலை நேரத்தில் அந்தச் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்த காத்திருப்பு எவ்வளவு தெரியுமா? டெர்மினலில் 15 நிமிடத்துக்குக் குறைவான காத்திருப்பு. அந்தச் சட்டத்தை உள்ளடக்கிய 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே 15 நிமிடம் அப்படியே இருக்கிறது. 15 நிமிடத்தில் கேட் திறந்ததாக என்னிடம் இதுவரை எந்த டிரைவரும் சொன்னதில்லை.

புது லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று 2025-இல் வந்துவிட்டது, நல்லது. ஆனால் இன்ஜின் ஓடினால்தானே ஏசி? மே மாதம் மும்பைப் புழுக்கத்தில் நிற்கும் வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு டீசலுக்கு யார் பதில் சொல்வது? அதனால் ஏசி வண்டியிலும் கதவைத் திறந்து வைத்துக் கொசுவர்த்தியோடு படுக்கிறார்கள்.

இனி டிரைவர் அண்ணன்களுக்கு. கொஞ்சம் திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கையில் இல்லாமல் சர்க்கரை மாத்திரையைப் போடாதீர்கள். வரப்போகிற சாப்பாட்டை நம்பிப் போடவே போடாதீர்கள். எல்லா மாத்திரையும் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்காது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு வகையும் இன்சுலினும்தான் ஆளைச் சாய்ப்பவை. உங்கள் சீட்டில் எது இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். நான் லாரி ஓட்டுகிறேன், சாப்பாட்டு நேரம் என் கையில் இல்லை என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொன்னால் மாத்திரையை மாற்ற வழி இருக்கிறது. "கேட்டா லைசென்சுக்குப் பிரச்சினை வரும்ங்க" என்று மறைப்பவர்கள்தான் என்னிடம் மயங்கி வருகிறார்கள். அதற்காக மாத்திரையை மொத்தமாக நிறுத்துவதும் முட்டாள்தனம். (லைசென்சுக்கான மருத்துவச் சான்று, அதாவது படிவம் 1ஏ-வில் ஆளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தரும் என் சக மருத்துவர்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.)

நாட்டுச் சர்க்கரையோ குளுக்கோஸ் பொட்டலமோ சட்டைப் பையில் இருக்கட்டும். டேஷ்போர்டில் வேண்டாம், தேவைப்படும்போது எட்டாது. திடீர் வியர்வை, கைநடுக்கம், கொலைப்பசி, தலை கிறுகிறுப்பு வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு உடனே மூன்று ஸ்பூன் போடுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. சரியான பிறகு சாப்பாடும் சாப்பிடுங்கள். கிளிமிபிரைடு வகைக்காரர்கள் அதோடு நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது. சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கும், ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருப்பதே நல்லது. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நடந்தால் 1033.

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு எங்க போறதுங்க?" என்று குடிக்காமலே இருந்து கல்லோடு வருகிறார்கள். வாசலில் கழிப்பறை வைக்காதது உங்கள் தவறு இல்லை, தெரியும். ஆனால் வலி உங்களுக்குத்தான். வரிசையில் நிற்கும்போது மணிக்கு ஒரு தரம் இறங்கி வண்டியைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். ரத்தக்கட்டாக இருந்தால் நீவுவதில் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

முதலாளிகளே, டோக்கன் வாங்கிய நேரத்தை டிரைவர் போட்டோ எடுத்து அனுப்பட்டும். எத்தனை மணி நேரத்துக்கு மேல் ஹால்டிங், நாளுக்கு எவ்வளவு என்பதை லோடு பேசும்போதே எல்.ஆரில் (லாரி ரசீதில்) எழுதி வாங்குங்கள். அதில் டிரைவர் பங்கு எவ்வளவு என்பதையும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். அன்லோடு முடிந்ததும் ரிட்டர்ன் லோடுக்கு விரட்டும் முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: கடைசியாக எழுப்பாமல் எத்தனை மணி நேரம் தூங்கினாய்? ஆறு மணி நேரமாவது என்று சொல்லவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கட்டும்.

இங்கே கோடவுன்களிலும் லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிகளிலும் மேலாளராக இருக்கும் தமிழர்கள் பலர் எனக்குத் தெரியும். சிலர் என்னிடமே பிரஷர் பார்த்துக்கொள்கிறவர்கள். உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. டோக்கன் எண் வந்தால் போனில் கூப்பிடுங்கள், வண்டிகள் தள்ளியே நிற்கட்டும், டிரைவர் தூங்கட்டும். உள்ளே வந்தவருக்குக் கழிப்பறைக்குப் போக அனுமதி கொடுங்கள். ஒருவர் உளறினால் பதிவேட்டை எடுப்பதற்கு முன் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். முதலுதவிப் பெட்டியில் குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். ஸ்ட்ரிப் காலாவதி ஆகிறதா என்பதையும் பாருங்கள், பலர் வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.