பிளேட்லெட்: தட்டணுவா, சிறுதட்டா?

மழைக்காலத்தில் டெங்கு பரவத் தொடங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்துவிடுகிறது: "வெள்ளையணு 40,000 ஆகக் குறைந்துவிட்டது, அவசரமாக ரத்தம் தேவை." போன வாரமும் வந்தது. வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டரில் 4,000 முதல் 11,000 வரை இருப்பது இயல்பு. 40,000 என்றால் பல மடங்கு கூடுதல்! எழுதியவர் சொல்ல வந்தது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட். அதுதான் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால் குறைவு.

பிளேட் தட்டு, லெட் சிறுமை குறிக்கும் விகுதி. 1882இல் இவற்றை விவரித்த இத்தாலிய மருத்துவர் பிட்சோசெரோவும் தம் மொழியில் சிறுதட்டு என்றே பெயர் வைத்தார்.

நம் செய்திகளில் இது 'தட்டணு' ஆகிவிட்டது. என் சண்டை அந்த 'அணு'வோடுதான். சிவப்பணு, வெள்ளையணு என்று கேட்டுப் பழகியவர் காதில் மூன்றாவதாக ஓர் அணு விழுந்தால், சிவப்பு இல்லையா, அப்போ வெள்ளைதான் என்று முடிவுகட்டிவிடுகிறார். டெங்குவில் வெள்ளையணுவும் குறைவதுண்டு என்பதால் குழப்பம் இன்னும் கெட்டிப்படுகிறது. அப்புறம், இது முழு செல்லே கிடையாது. எலும்பு மஜ்ஜையிலுள்ள மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்லிலிருந்து பிய்ந்து வரும், உட்கரு இல்லாத துணுக்கு. சிவப்பணுவுக்கும்தான் உட்கரு இல்லையே என்பார்கள். சரி, ஆனால் அது உட்கருவோடு உருவாகி, முதிரும்போது அதை வெளியே தள்ளிவிட்ட முழு செல். பிளேட்லெட்டுக்கு இருக்கும் 'த்ராம்போசைட்' என்ற இன்னொரு பெயரில் செல்லைக் குறிக்கும் 'சைட்' இருக்கிறதே என்றால், அதே பிழை அங்கேயும் இருக்கிறது. அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

தமிழ்நாட்டுப் பாடநூல் 'இரத்தத் தட்டுகள்' என்கிறது. அணுவை விட்டது நல்லது; 'சிறு'வையும் விட்டுவிட்டார்கள். 2, 3 மைக்ரோமீட்டர்தான், சிவப்பணுவின் அகலத்தில் பாதிகூட வராது. இலங்கைப் பாடநூல்கள் செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு என்று பிரித்துச் சொல்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைக்கு மூன்றாவது வேறு வகை என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். குருதி வேண்டாம், ரத்தம்தான் வாயில் வரும் என்றால் ரத்தச் சிறுதட்டு என்றே சொல்லுங்கள், எனக்கு மறுப்பில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமுறை ரத்த வங்கிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சிறுதட்டுப் பை சிவப்பாகவே இருக்காது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் மிதப்பதால் வைக்கோல் மஞ்சள்; கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆட்டும் கருவியில் அசைந்துகொண்டே கிடக்கும்; 5 நாள்தான் தாங்கும். அதனால்தான் அந்தச் செய்தியில் "ரத்தம் தேவை" என்பதும் போதாது. "சிறுதட்டு 40,000, சிறுதட்டுக் கொடையாளர் தேவை" என்று எழுதினால் எதைக் கொடுக்க வருகிறோம் என்று வருபவருக்குத் தெரியும்.