நர்ஸ் பிராக்டிஷனர்: தமிழில் என்ன சொல்லலாம்?

டெக்சஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்தார். அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார், பத்து நிமிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டார், சிறுநீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்குச் சீட்டை அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “நல்ல டாக்டரம்மா” என்றார். தங்கை திருத்தினாள்: “அவங்க டாக்டர் இல்லம்மா, நர்ஸ் பிராக்டிஷனர்.”

வீட்டுக்கு வந்ததும் கிளினிக் தந்த தாளை அம்மா படிக்கட்டும் என்று கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். ‘செவிலியர் பயிற்சியாளர்’ என்று வந்தது. அம்மா முகம் மாறிவிட்டது. “அப்போ இன்னும் ட்ரெயினிங்ல இருக்கிற பொண்ணா?”

தப்பு அம்மாவுடையது அல்ல. இந்த மொழிபெயர்ப்பு பல இடங்களில் புழங்குகிறது, பார்த்தால் சரிபோலவும் இருக்கிறது. ஆனால் தமிழில் பயிற்சியாளர் என்றால் கிரிக்கெட் அணிக்கு இருப்பவர், இல்லாவிட்டால் ஜிம்மில் இருப்பவர். செவிலியர் பயிற்சியாளர் என்றால் நர்சுகளுக்குப் பாடம் எடுப்பவர் என்று நினைக்கலாம், அம்மா மாதிரி பயிற்சியில் இருப்பவர் என்றும் நினைக்கலாம். உண்மை இரண்டுமே இல்லை. நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் நர்சிங் பட்டம் பெற்று, அதற்கு மேல் முதுநிலையோ முனைவர் நிலையோ படித்து, தேசிய அளவிலான சான்றிதழ்த் தேர்வும் எழுதியவர். நோய் இன்னதென்று கண்டறிவார், சிகிச்சையை முடிவு செய்வார், மருந்தும் எழுதுவார்.

முதலில் நர்ஸ். லத்தீனில் ஊட்டி வளர்ப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் அதற்கு அடுத்தவர் பிள்ளைக்குப் பாலூட்டி வளர்க்கும் பெண் என்றுதான் பொருள். நோயாளியைக் கவனிப்பவர் என்ற பொருள் பின்னால் ஒட்டியது. நம் செவிலியும் அதே பாதையில் வந்தவள்தான். சங்க அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவி காதலனோடு போய்விட்டால் பாலைவழியில் தேடிக்கொண்டு போகிறவள் இந்தச் செவிலிதான். இலங்கைத் தமிழர் சொல்லும் தாதி, வடமொழியின் தாத்ரியிலிருந்து வந்தது. அதுவும் வளர்ப்புத் தாய்தான். மூன்று மொழிகளிலும் வளர்த்தவளே நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்கிறாள். ஆக, நர்ஸுக்குச் செவிலியர் என்பதில் எனக்குக் குறையே இல்லை.

சிக்கல் பிராக்டிஷனரில். இதன் வேர் கிரேக்கத்தில் ‘செய்’ என்னும் வினை. ஆங்கிலத்தில் அது இரண்டாகக் கிளைத்தது. திரும்பத் திரும்பச் செய்து பழகுவது ஒன்று, ஒரு தொழிலை நடத்துவது இன்னொன்று. வக்கீலும் டாக்டரும் ‘பிராக்டிஸ்’ பண்ணுகிறார்கள் என்னும்போது இரண்டாவது பொருள். மொழிபெயர்ப்பு முதல் கிளையில் ஏறி உட்கார்ந்துகொண்டது, பயிற்சி என்றாகிவிட்டது.

இரண்டாவது கிளைக்குத் தமிழில் சொல் இல்லையா? நாம் தினமும் சொல்கிறோம். ‘டாக்டர் சாயங்காலம் எங்கே பார்க்கிறார்?’ ‘அந்தக் காலத்தில் வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள்.’ ‘எங்கே வைத்தியம் பார்த்தீர்கள்?’ டாக்டர் தொழில் நடத்துவதற்குத் தமிழில் உள்ள வினை ‘பார்’. பிராக்டிஸுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்தக் கலைச்சொல் குழு உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்காது.

இந்தப் பணி எப்போது பிறந்தது என்பதற்குச் சர்ச்சையில்லாத விடை உண்டு: 1965, கொலராடோ பல்கலைக்கழகம். கிராமப்புறங்களில் பொதுசுகாதார நர்ஸாக வேலை செய்த லொரேட்டா ஃபோர்டும், குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் சேர்ந்து முதல் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார்கள். குழந்தைகளைப் பார்க்க டாக்டர் கிடைக்காத ஊர்கள் நிறைய இருந்தன. அங்கே ஏற்கெனவே போய்வந்துகொண்டிருந்த நர்சுகளுக்கே கூடுதலாகக் கற்றுக்கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை. அதே ஆண்டில்தான் முதியோருக்கும் ஏழைகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீடுகளான மெடிகேர், மெடிக்கெய்டு சட்டமும் வந்தது. அதனால் டாக்டர்களுக்கான தேவை இன்னும் கூடியது. ஃபோர்ட் 2025இல், 104 வயதில் காலமானார்.

இவர்கள் ‘பார்க்க’ ஆரம்பித்தது 1965இல். ‘எழுத’ ஆரம்பித்தது அப்போதல்ல. அமெரிக்க மாநிலங்கள் இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருப்பது இந்த இரண்டு வினைகளுக்கு நடுவில்தான்.

எழுதுவது என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். நம் பத்திரிகைகள் ‘டாக்டர் மருந்து பரிந்துரைத்தார்’ என்று எழுதுகின்றன. எனக்கு இது எப்போதும் உறுத்தும். பரிந்துரை என்றால் பரிந்து உரைப்பது, ஒருவருக்காக ஆதரவாகச் சொல்லிவைப்பது. வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவோமே, அது. கேட்பவர் ஏற்கலாம், தள்ளலாம். மருந்துச் சீட்டு அப்படியில்லை. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘முன்கூட்டி எழுதிவைப்பது’ என்று பொருள், அதாவது கட்டளை. சீட்டின் தலையில் ஆர் எழுத்தின் காலில் குறுக்குக் கோடு போட்டது போல ஒரு குறி இருக்குமே, அதுகூட ‘எடு’ என்ற லத்தீன் ஏவல்வினையின் சுருக்கம்தான். இன்ன சரக்கை இன்ன அளவு எடு என்று மருந்து கலப்பவருக்கு இட்ட உத்தரவு. நம் சட்டத்தமிழ் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. விதிகளில் ‘வகுத்துரைக்கப்பட்ட’ என்று வருவது இதே ஆங்கிலச் சொல்லுக்குத்தான். நோயாளியிடம் போய் வகுத்துரைத்தார் என்றால் சிரிப்பார். ‘மருந்து எழுதிக் கொடுத்தார்’ என்பதே போதும்.

சரி, நர்ஸ் எழுதலாமா? அமெரிக்காவில் இதற்கு ஒரே பதில் கிடையாது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் உரிமம் தருவது மாநிலங்கள்தான், அதனால் மாநிலத்துக்கு ஒரு பதில். நோயறிவதும் சிகிச்சை தருவதும் இத்தகைய நர்சுகளின் பணி வரம்புக்குள் வரும் என்று முதலில் ஏற்றது ஐடஹோ, 1971இல். மருந்தெழுதும் அதிகாரத்தை முதலில் தந்தது வட கரோலினா, 1975இல், அதுவும் வரம்புகளோடு. கடைசியாக வந்த மாநிலம் ஜார்ஜியா, 2006இல். முதலுக்கும் கடைசிக்கும் நடுவே முப்பத்தொரு ஆண்டுகள்.

இன்று எல்லா மாநிலங்களிலும் இவர்கள் எழுதலாம். ஆனால் யார் பெயரில், யார் கண்காணிப்பில், எந்தெந்த மருந்தை என்பதில்தான் வித்தியாசம். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் நர்ஸ் பிராக்டிஷனர் தானே பார்த்து, தானே எழுதலாம். இவற்றிலும் சில மாநிலங்கள் முதலில் சில ஆண்டுகள் டாக்டரோடு சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்கின்றன. நியூயார்க்கில் அது 3,600 மணி நேரம் என்ற கணக்கில் இருக்கிறது. மற்ற மாநிலங்களில் ஒரு டாக்டரோடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அந்த உறவுக்குச் சட்டங்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கவனியுங்கள்: ஓரிடத்தில் மேற்பார்வை, இன்னோரிடத்தில் ஒத்துழைப்பு, டெக்சஸில் ஒப்படைப்பு. ஒத்துழைப்பு என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒத்துழைப்புக்கு மாதாமாதம் டாக்டருக்குப் பணம் கட்டும் நர்ஸ் பிராக்டிஷனர்கள் நிறைய. நம்மூரில் அதை ஒத்துழைப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அம்மாவின் சீட்டை அச்செடுத்துப் பார்த்தபோது ‘ஒப்படைப்பு’ கண்முன்னால் தெரிந்தது. பார்த்த பெண்ணின் பெயர் மேலே, கீழே இன்னொரு டாக்டரின் பெயரும் தொலைபேசி எண்ணும். அந்த டாக்டரை நாங்கள் பார்க்கவே இல்லை. டெக்சஸ் விதிப்படி, அதிகாரத்தை ஒப்படைத்த டாக்டரின் பெயரும் சீட்டில் இருந்தாக வேண்டும். எழுதும் அதிகாரம் டாக்டருடையது, நர்ஸுக்கு அது கைமாற்றித் தரப்பட்டது என்பது அங்கே சட்டத்தின் பார்வை.

எனக்குப் பிடித்த கூத்து கலிபோர்னியாவுடையது. அங்கே டாக்டர் மேற்பார்வையில் வேலை செய்யும் நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து ‘எழுதுவதாக’ச் சட்டம் சொல்லவில்லை, ‘வழங்குவதாக’த்தான் சொல்கிறது. அதற்கு மாநில நர்சிங் வாரியம் தனியாக ஓர் எண் தரும், அதன் பெயரே வழங்கும் எண். எழுதும் வினை டாக்டருக்கே சொந்தம் என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் வேறொரு வினையைப் போட்டு வேலையை நடத்திக்கொண்டார்கள். அப்புறம் இன்னொரு பிரிவில், சீட்டு என்று வருமிடத்திலெல்லாம் நர்ஸ் பிராக்டிஷனர் தரும் மருந்து ஆணையும் அடங்கும் என்றும் எழுதிவைத்தார்கள். கையெழுத்தும் மருந்தும் அதேதான், வினை மட்டும் வேறு. 2020இல் கையெழுத்தான சட்டம் 2023இலிருந்து இவர்களில் சிலருக்கு டாக்டர் மேற்பார்வை இல்லாமல் வேலை செய்ய வழி விட்டது. அவர்களை 103 என்.பி., 104 என்.பி. என்று அழைக்கிறார்கள். என்.பி. என்பது நர்ஸ் பிராக்டிஷனரின் ஆங்கிலச் சுருக்கம். அந்த இரண்டு எண்களும் சட்டப்பிரிவு எண்களின் வால்கள். 103 என்றால் டாக்டர்களும் இருக்கும் அமைப்புக்குள் மட்டும், 104 என்றால் தனியாகவே கிளினிக் போடலாம்.

வலிநிவாரணி ஓபியாய்டுகள் போல, பழக்கமாகும் ஆபத்துள்ள மருந்துகள் தனிக்கதை. 1970ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் அவற்றை ஐந்து அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறது. மார்ஃபின், ஆக்சிகோடோன் எல்லாம் இரண்டாம் அட்டவணை. டெக்சஸ் நர்ஸ் பிராக்டிஷனர் இவற்றைப் பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளும், இறுதிக்காலப் பராமரிப்பிலும் மட்டுமே எழுதலாம். ஃபுளோரிடா இவ்வகை மருந்துகளுக்கு 2017 ஜனவரியில்தான் கதவைத் திறந்தது, மாநிலங்களில் அதுவே கடைசி. அங்கே இரண்டாம் அட்டவணை மருந்தென்றால் பொதுவாக ஏழு நாளுக்கு மேல் எழுத முடியாது.

இந்த மருந்துகளை எழுத மாநில உரிமம் மட்டும் போதாது, டி.இ.ஏ. என்னும் கூட்டாட்சி போதைப்பொருள் தடுப்பு அமைப்பிலும் பதிவு செய்ய வேண்டும். அது தரும் பதிவெண்ணில் இரண்டு எழுத்து, ஏழு இலக்கம். இலக்கங்களில் ஒரு சின்னக் கணக்கு ஒளிந்திருக்கிறது. 1234563 என்று வைத்துக்கொள்வோம். முதல், மூன்றாம், ஐந்தாம் இலக்கங்களைக் கூட்டினால் 9. இரண்டு, நான்கு, ஆறாம் இலக்கங்களைக் கூட்டி இரட்டித்தால் 24. மொத்தம் 33. அதன் கடைசி இலக்கமான 3, எண்ணின் கடைசி இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் சீட்டு போலி என்று மருந்துக் கடைக்காரர் உஷாராகிவிடுவார். முதல் எழுத்து டாக்டருக்கு ஏ, பி, எஃப் என்று ஏதாவது ஒன்று. நர்ஸ் பிராக்டிஷனருக்கு எம். 1993இல் அந்த அமைப்பு இவர்களை ‘மிட்-லெவல்’, அதாவது இடைநிலை என்று வகைப்படுத்தியதன் மிச்சம் அது. நர்ஸ் பிராக்டிஷனர்களின் சங்கத்துக்கு இந்தப் பெயர் பிடிக்காது. எதற்கு இடை, யாருக்குக் கீழே என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். எனவே தமிழில் ‘இடைநிலைச் செவிலியர்’ என்று யாராவது முன்மொழிந்தால் வேண்டாம் என்பேன்.

உரிமம் என்ற சொல் பற்றி ஒரு வரி. தமிழ்நாட்டில் உரிமை என்பதிலிருந்து உரிமத்தை வார்த்தார்கள். இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம் என்பதுபோல அனுமதிப்பத்திரம். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் ‘அனுமதி உண்டு’ என்பதுதான், ஆக இலங்கையார் மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆனால் நர்ஸாக இருக்க ஓர் உரிமம், நர்ஸ் பிராக்டிஷனராக இருக்க இன்னோர் உரிமம் அல்லது அங்கீகாரம் என்று அடுக்கியபின், எழுதுவதற்குக் கிடைப்பதை நான் உரிமம் என்று சொல்லாமல் ‘மருந்தெழுதும் அதிகாரம்’ என்பேன். டென்னசியில் அதற்கென்றே தனியாக ஒரு தகுதிச் சான்றிதழும் வாங்க வேண்டும்.

இனி, தமிழ்ப் பெயர். ‘மருந்தெழுதும் செவிலியர்’ ஆசை காட்டுகிறது, ஆனால் முதல் பத்தாண்டு இவர்கள் எழுதும் அதிகாரம் இல்லாமலே இருந்தார்கள். அதோடு, செவிலிய மருத்துவச்சிகளும் பல மாநிலங்களில் எழுதுகிறார்கள், அவர்கள் வேறு பிரிவு. ‘செவிலிய மருத்துவர்’ என்றால் டாக்டர் என்று எடுத்துக்கொள்வார்கள். நர்சிங்கில் முனைவர் பட்டம் வாங்கியவரை டாக்டர் என்று அழைக்கலாமா என்பதே அங்கே வழக்குமன்றம் வரை போன விவகாரம், அதில் நாம் வேறு எண்ணெய் ஊற்ற வேண்டாம். ‘மருத்துவச்சி’யை மீட்டெடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். மருத்துவனுக்குப் பெண்பால் அது, பிரசவம் பார்ப்பவள் என்று சுருங்கிப்போயிற்று. ஆனால் ஆண் நர்ஸ் பிராக்டிஷனரை என்ன செய்வது?

நான் எழுதும்போது முதல் முறை ‘வைத்தியம் பார்க்கும் செவிலியர்’ என்று விரித்துச் சொல்லிவிட்டு, பிறகு நர்ஸ் பிராக்டிஷனர் என்றே விட்டுவிடுகிறேன். நோயாளிக்கான தாள், படிவம் என்றால் ‘சிகிச்சைச் செவிலியர்’ போடலாம், இடம் குறைவு. எல்லா நர்சுகளும் சிகிச்சையில் இருப்பவர்கள்தானே என்ற ஆட்சேபம் சரிதான், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கென நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பைக் கொண்டுவந்திருக்கிறது. அதில் படித்து வருகிறவர்களை நம் மருத்துவமனைகளில் எப்படி அழைக்கிறார்களோ, அதுதான் கடைசியில் நிலைக்கும். பழக்கம் ‘சிஸ்டர்’ என்பதை விடுமா என்பது வேறு விஷயம்.

ஊர் திரும்பியதும் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “அங்கெல்லாம் நர்ஸே பார்த்து எழுதிக் குடுத்துடுறாங்க. மூணே நாள்ல சரியாப் போச்சு.” அந்த அக்கா விளக்கம் எதுவும் கேட்கவில்லை.