கொயர் என்றால் இசைக்குழு இல்லை

"வெளிநாட்டு இசைக்குழு தேவாலயத்தில் பக்தி இசை வழங்கியது" என்று மறுபடியும் ஒரு செய்தி. படத்தில் பார்த்தால் கையில் பாட்டுப் புத்தகத்தோடு வரிசையாக நிற்கிறார்கள், ஒரு வயலின்கூட இல்லை. எந்தக் குழு ஐயா இது? ஆங்கிலத்தில் கொயர் (choir) என்று இருப்பதைத்தான் இப்படி இசைக்குழு ஆக்கியிருக்கிறார்கள்.

கொயர் என்ற சொல்லின் மூலம் கிரேக்கம். அங்கே 'கோரோஸ்' என்றால் ஆடிப் பாடும் கூட்டம், ஏதென்ஸ் நாடகங்களில் வருவது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வருவதற்குள் ஆட்டம் உதிர்ந்து பாட்டு மட்டும் நின்றது. அவ்வளவுதான் பூர்வீகம்.

இப்போது இசைக்குழுவுக்கு வருவோம். தமிழில் இசைக்குழு என்றதும் கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ்தான் நினைவுக்கு வரும். 'பாட்டும் இசைதானே' என்று வாதிடுகிறார்கள். சரி, இசைதான், ஆனால் கொயர் என்ற சொல் சுட்டுவது வாய்ப்பாட்டுக்காரர்களை, அதிலும் சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று உச்சக் குரல் முதல் கீழ்க்குரல் வரை பிரித்து ஒன்றாகப் பாடுகிறவர்களை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனா எழுதிய திருப்பலி இசையை இன்றும் பக்கவாத்தியம் இல்லாமல்தான் பெரும்பாலும் பாடுகிறார்கள். வாத்தியமில்லாப் பாட்டுக்கு 'அ கப்பெல்லா', அதாவது 'சிற்றாலய முறையில்', என்றே பெயர். ஆர்கன் சேர்ந்தாலும் முன்னே நிற்பது குரல்தான். சிலப்பதிகாரக் காலத்திலேயே கருவி வாசிப்பவரைக் குயிலுவர் என்று தனியே பிரித்துச் சொன்ன மொழியில், இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது சோம்பேறித்தனம் இல்லாமல் வேறென்ன?

இத்தனைக்கும் கிறிஸ்தவ சபைகளில் 'பாடகர் குழு' என்று பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். தலைப்பில் இடமில்லை என்றால் 'பாடற்குழு' போடலாம், எழுத்து ஒன்றும் கூடிவிடாது. சேர்ந்திசை நல்ல சொல், ஆனால் அது பாடும் முறைக்குப் பெயர், பாடுகிறவர்களுக்கு இல்லை.

அடுத்தது, 'விசிட்டிங் கொயர்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த 'வருகை தரும் பாடகர் குழு'. இங்கிலாந்துப் பேராலயங்களில் சொந்தப் பாடகர்கள் விடுமுறையில் போகும்போது வெளியூர்க் குழுக்கள் வந்து மாலை ஆராதனையில் பாடுவது வழக்கம். 'வெளியூர்ப் பாடகர் குழு' என்றாலே புரிகிறதே, வருகையை எதற்குத் தர வேண்டும்? அதோடு, அவர்கள் பாடுவது வழிபாட்டில். அதைப் போய்க் 'கச்சேரி செய்தார்கள்' என்று எழுதுகிறார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஆலயத்தில் பீடத்துக்கு முன்னால் பாடகர்கள் அமரும் பகுதிக்கும் ஆங்கிலத்தில் கொயர் என்றுதான் பெயர். அங்கே 'பாடகர் பகுதி' என்று எழுத வேண்டும். அகராதியின் முதல் பொருளோடு நிறுத்திக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் கையில் இங்கிலாந்தின் ஊஸ்டர் (Worcester) பேராலயம் சிக்கினால், அங்கே பாடகர் பகுதியில் இருக்கும், 1216இல் இறந்த இங்கிலாந்து மன்னர் ஜானின் கல்லறை 'பாடகர் குழுவின் நடுவில்' போய்விடும்.