ரூ.37,000 ஆய்வு உதவித்தொகை: எங்கே தடைபடுகிறது?

மகரந்தக் குழல் எவ்வளவு அழுத்தத்தோடு சூலை நோக்கி வளர்கிறது என அளப்பவர்களுக்கும், கழிவுநீரைத் தூய்மையாக்க நுண்பாசி வளர்ப்பவர்களுக்கும் மத்திய அரசு தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000; முதுநிலைக்கு ரூ.42,000, வீட்டு வாடகைப்படி தனி.

ஆய்வுத் திட்டத்தில் ‘ப்ராஜெக்ட் அசோசியேட்’ ஆகச் சேர்பவர்கள் முதலில் இடறுவது தகுதியில்தான். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது கேட் (பொறியியல் பட்டதாரித் திறனறித் தேர்வு) தேறியவருக்கு ஒரு தொகை, தேறாதவருக்கு அதைவிடக் குறைவு. ஆனால் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால்தான் நெட் கணக்கில் வரும் என்று சொல்லி, நெட்டில் விரிவுரையாளர் தகுதி மட்டும் பெற்ற ஒரு மாணவிக்குக் குறைந்த தொகையை எழுதிவைத்த அலுவலகத்தைப் பார்த்திருக்கிறேன். அறிவியல், தொழில்நுட்பத் துறையின் ஆணை விரிவுரையாளர் தகுதியையும் ஏற்கிறது. அந்த ஆணையை அச்சிட்டு வைத்துக்கொண்டு, நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் திட்ட நிதி முடிந்துவிட்டது என்பார்கள். கேட் மதிப்பெண் 3 ஆண்டுகளே செல்லும் என்பதையும் மறவாதீர்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) உதவித்தொகை பெறுபவர்களுக்கு வேறு அலைச்சல். மாதந்தோறும் பல்கலைக்கழகம் இணையதளத்தில் உறுதிசெய்தால்தான் பணம் வரும். பதிவிடுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர். இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் வாடகைக்குக் கடன் வாங்குவது மாணவர்தான். ஆகவே வருகைச் சான்றை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள்.

இரண்டு ஆண்டு முடிந்ததும் முதுநிலைத் தொகை தானாக வந்துவிடாது. வெளி வல்லுநர் உள்ளிட்ட 3 பேர் குழு கூடிப் பரிந்துரைக்க வேண்டும். அந்தக் கூட்டத்தை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். இரண்டு மாதம் முன்பே நெறியாளரிடம் விண்ணப்பம் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கடுமையானது காலக் கணக்கு. முனைவர் பட்டத்துக்கு 6 ஆண்டு வரை அவகாசம் உண்டு, உதவித்தொகையோ 5 ஆண்டோடு நின்றுவிடும். நுண்பாசியை ஆண்டு முழுவதும் குடுவையில் வளர்க்கலாம். ஆண்டுக்கொரு முறை பூக்கும் செடியில் ஆய்வு செய்பவர், வேதிப்பொருள் கொள்முதல் கோப்பு தாமதமானதால் ஒரு பூப்பருவத்தைத் தவறவிட்டால், ஓராண்டையே இழக்கிறார். கொள்முதல் கோரிக்கையைப் பூக்கும் காலத்துக்கு 6 மாதம் முன்பே கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதியில் இடம் தந்துவிட்டால் வாடகைப்படி கிடையாது. இடம் இல்லையென்றால் அதை வார்டனிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லைக் கணக்குப் பிரிவு ஏற்காது.