எச்-இண்டெக்ஸ் ஏறுவது எப்படி?

காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது, அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, அதனால் டீக்கடையில்கூட "அந்த சாருக்கு எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?" என்று யாராவது கேட்பது காதில் விழும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய ஆய்வகம் சிக்ரி. பேட்டரி, துருப்பிடித்தல், மின்முலாம் என்று மின்வேதியியல்தான் அங்கே பிழைப்பு. ஓர் ஆராய்ச்சியாளர் செய்த அந்த வேலையை இரண்டு இலக்கத்தில் அடக்கிச் சொல்லும் எண்தான் எச்-இண்டெக்ஸ். அது எங்கிருந்து வருகிறது?

2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. ஒரு வேதியியலாளர் ஐந்து பேப்பர், அதாவது ஆய்வுக் கட்டுரை, எழுதியிருக்கிறார், மற்றவர்கள் அவற்றை முறையே 40, 12, 6, 4, 2 தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். பெரியதிலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டே வரவேண்டும். நாலாவது பேப்பருக்கு நாலு மேற்கோள் இருக்கிறது, சரி. ஐந்தாவதற்கு ஐந்து இல்லை, அங்கேயே நின்றுவிட வேண்டும். எச்-இண்டெக்ஸ் 4. யாரும் படிக்காத பேப்பரை மூட்டையாக எழுதினாலும் எண் ஏறாது, ஒரே ஒரு பேப்பர் பெரிதாக ஓடினாலும் ஏறாது. ஹிர்ஷின் கெட்டிக்காரத்தனம் அதுதான்.

வம்பும் அங்கேதான். அந்த 40 என்பது 4,000 ஆனாலும் இவருடைய எண் 4-தான்! ஆனால் நாலாவது பேப்பருக்கு ஒன்று, ஐந்தாவதற்கு மூன்று, ஆக நாலே நாலு மேற்கோள் கூடுதலாக விழுந்தால் 5 ஆகிவிடும். அடுத்து எழுதும் மூன்று பேப்பரில் தன்னையே மேற்கோள் காட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. கொஞ்சம் கூச்சப்படுகிறவர் நண்பரிடம் சொல்வார். நம் ஊர் மொய் நோட்டு மாதிரி, நீ எனக்கு வை, நான் உனக்கு வைக்கிறேன். எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை, முந்தைய வேலையின் தொடர்ச்சியை எழுதும்போது பழைய பேப்பரைச் சொல்லித்தானே ஆகவேண்டும். ஆனால் வெறும் எண்ணைப் பார்த்து எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க முடியாது.

என்னைக் கேட்டால், மேற்கோள் எண்ணிக்கை ஒரு பேப்பர் எவ்வளவு பயன்பட்டது என்பதைச் சொல்கிறது, எவ்வளவு உயர்ந்தது என்பதை அல்ல. 1951-இல் ஆலிவர் லௌரி, புரதத்தின் அளவை நீல நிறத்தை வைத்துக் கணக்கிடும் முறை ஒன்றை எழுதினார். 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள் வாங்கிய பேப்பர் அது. அது ஒன்றும் மகத்தான பேப்பர் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். சோதனைக்கூடத்தில் எல்லாருக்கும் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

காலமும் விளையாடும். கிராஃபைட்டைக் கந்தக அமிலம், சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் பர்மாங்கனேட்டோடு சேர்த்து ஆக்சைடாக்கும் வழியை ஹம்மர்ஸ், ஆஃப்மன் இருவரும் 1958-இல் சின்னஞ்சிறு கட்டுரையாக எழுதினார்கள். பல பத்தாண்டுகள் அதைப் பெரிதாக யாரும் சீண்டவில்லை. 2004-இல் கிராஃபைட்டிலிருந்து ஓர் அணு கனமே உள்ள கார்பன் தகடான கிராஃபீனைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள், அப்புறம் கிராஃபீன் ஆக்சைடு செய்ய ஊர் உலகமெல்லாம் அந்தப் பேப்பரைத் தேடி ஓடியது, மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 1990-இல் ஒரு பதவி உயர்வுக் குழு அதை எடைபோட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும்?

இதைவிட வேடிக்கை, திட்டினாலும் எண்ணிக்கை ஏறும். 1989-இல் ஃப்ளைஷ்மன், பான்ஸ் என்ற இரண்டு மின்வேதியியலாளர்கள், கனநீரில் பல்லேடியம் மின்முனையை வைத்து மின்சாரம் செலுத்தியபோது, சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவு சாதாரண வெப்பத்திலேயே நடந்ததாக எழுதினார்கள். ஃப்ளைஷ்மன் அந்தத் துறையில் பெரிய பெயர். மற்ற ஆய்வகங்கள் செய்துபார்த்து, நம்பும்படி எதுவும் வரவில்லை என்று எழுதின. அப்படி எழுதியவர்களும் அந்தப் பேப்பரை மேற்கோள் காட்டித்தான் எழுத வேண்டியிருந்தது. கணக்கில் கழித்தல் குறியே கிடையாது.

பன்னிரண்டு பேர் சேர்ந்து எழுதிய பேப்பரின் மேற்கோள் பன்னிரண்டு பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். பேட்டரி மாதிரி கூட்டம் நிறைந்த துறையில் மேற்கோளும் அதிகம் விழும், அங்கே இருப்பவரின் எண்ணையும் கணிதக்காரரின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அநியாயம். அடுத்த முறை யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், எந்தத் தளத்தில் பார்த்தது என்று கேளுங்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, இதழில் வருமுன் இணையத்தில் போடும் முன்பதிப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும், ஸ்கோப்பஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களையும் நூல்களையும்தான் பெரும்பாலும் எண்ணும், அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு எண் வருவது சகஜம்.