நெஃப்ரோடிக் சின்ட்ரோம்: அழற்சியா, ஒழுக்கா?

காலையில் பிள்ளைக்கு இமை அதைத்திருக்கும், ஒன்றுக்கு நுரைத்துப் போகும். சிறுநீரில் புரதம் 3+, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே. இந்த நெஃப்ரோடிக் சின்ட்ரோமைக் கோவை, ஈரோடு பக்கம் தமிழில் எழுதுகிறவர்கள் 'சிறுநீரக அழற்சி' என்றே எழுதித் தள்ளுகிறார்கள். தப்பு.

கிரேக்கத்தில் 'நெஃப்ரோஸ்' சிறுநீரகம். 'சின்ட்ரோம்' சேர்ந்து ஓடுவது. 1905-இல் ஜெர்மன் மருத்துவர் ஃபிரீட்ரிக் ஃபொன் மியூலர் 'நெஃப்ரோசிஸ்' என்று பெயர் வைத்ததே, அழற்சி அல்லாத நோயைப் பிரித்துக் காட்டத்தான்!

அழற்சி என்றால் அழல், அதாவது வெள்ளையணுக்கள் திரண்டு உள்ளே புகுந்த நிலை. தொண்டைப்புண் வந்து ஒன்றிரண்டு வாரமோ, சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு வாரமோ கழித்து வரக்காப்பி நிறத்தில் சிறுநீர் போய், ரத்த அழுத்தம் ஏறுகிறதே, அது அழற்சி. பெரும்பாலும் ஸ்டீராய்டு இல்லாமலே தணியும். நெஃப்ரோடிக்கில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகையில், சாதாரண நுண்ணோக்கியில் சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதில்லாமல் தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் அந்த வடிகட்டியைப் போர்த்தியிருக்கும் போடோசைட் செல்களின் கால்கள் தட்டையாகிக் கிடப்பது தெரியும்.

"எதிர்ப்புச் செல்களுக்குப் பங்கு உண்டே, அப்புறம் அழற்சி என்று எழுதினால் என்ன தப்பு?" என்று வாதிடுவார்கள். பங்கு உண்டுதான். எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்லின் சுரப்புதான் காரணம் என்று 1974-இலேயே ஷால்ஹூப் என்ற மருத்துவர் சொன்னார். இன்னொரு வகையான பி செல்களை ஒழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து பலருக்கு நோய் திரும்பாமல் காக்கிறது. வடிகட்டியிலுள்ள நெஃப்ரின் புரதத்தையே தாக்கும் எதிர்ப்பொருளும் ஒரு பகுதிக் குழந்தைகளிடம் அகப்பட்டிருக்கிறது. ஆனால் இந்தச் செல்கள் வடிகட்டிக்குள் குவிவதில்லை; எட்ட இருந்தே கெடுக்கின்றன.

ஆகவே 'சிறுநீரகப் புரத ஒழுக்கு' என்பதே பொருந்தும். 'கசிவு' போதாது. சுவர் கசிவதும் ஓடு ஒழுகுவதும் ஒன்றா?

இதைவிட மோசம், 'இம்யூனோசப்ரசன்ட்' என்பதற்கு 'எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து' என்ற மொழிபெயர்ப்பு. அதைப் படித்த அமுச்சி, அதாவது பிள்ளையின் பாட்டி, சும்மா இருப்பாரா? மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் காய்ச்சுவார். இந்த நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோன் முதல் முறை கிலோவுக்கு 2 மில்லிகிராம், 60-க்கு மிகாமல், 6 வாரம் தினமும், பிறகு 1.5 வீதம், 40-க்கு மிகாமல், 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். நடுவில் சட்டென்று நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி கைவிட்டு, வாந்தியும் மயக்கமும் வரும், ஒழுக்கும் திரும்பும். 'தடம் மாறிய எதிர்ப்புச் செல்லை அடக்கும் மருந்து' என்று எழுத இரண்டு சொல் கூடுதலாகும், அவ்வளவுதான்.