முன்கண்ணாடி விரிசல் மழைக்குப் பிறகு ஏன் ஓடுகிறது?

வாலாஜாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஜல்லி ஏற்றிய டிப்பர் பின்னால் போகும்போது கல் தெறித்து, அவர் கார் முன்கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. அது பாட்டுக்கு இருந்தது. கத்திரி வெயிலில் ஒரு சாயங்காலம் மழை பெய்தது. காலையில் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். வண்டியை யாரும் எடுக்கவே இல்லை. எப்படி?

மழைதான் காரணம்.

முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளால் ஆனது, நடுவில் முக்கால் மில்லிமீட்டர் கனத்துக்கு பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலம். அதனால்தான் உடைந்தாலும் தூள்தூளாக மடியில் கொட்டுவதில்லை. கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகட்டில் மட்டும்தான் காயம். அந்தச் சின்னக் காயத்தின் நுனி மிகக் கூர்மையானது, கண்ணாடியில் எந்த இழுப்பு வந்தாலும் அது அங்கே போய்த்தான் குவியும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் இங்கிலாந்துப் பொறியாளர் கிரிஃபித், 1920-ல்.

சரி, இழுப்பு குவிந்தாலும் கண்ணாடியின் அணுக்களைக் கோத்து வைத்திருக்கும் பிணைப்பு அறுந்துவிடாது. சிலிக்கான், ஆக்ஸிஜன், சிலிக்கான் என்று கோத்துக்கொண்டிருக்கும் பிணைப்புகள் பலமானவை, நுனியில் விறைத்து நிற்கும், அவ்வளவுதான். இங்கேதான் தண்ணீர் நுழைகிறது. ஒரு தண்ணீர் மூலக்கூறு அந்த நுனிவரை போகிற அளவுக்குச் சின்னது. போய், தன் ஆக்ஸிஜனைச் சிலிக்கானுக்கும் தன் ஹைட்ரஜன் ஒன்றைப் பிணைப்பின் நடுவில் உள்ள ஆக்ஸிஜனுக்கும் கொடுக்கிறது. பிணைப்பு இரண்டாகிறது, இரண்டு முனையிலும் ஆளுக்கொரு ஹைட்ராக்ஸில் (ஓர் ஆக்ஸிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) மூடிக்கொள்கிறது. இழுப்பு உடனே அடுத்த பிணைப்புக்குத் தாவும், அடுத்த மூலக்கூறு வரும், ஜிப்பைப் பல் பல்லாகத் திறப்பது மாதிரி. 1982-ல் மிச்சால்ஸ்கி, ஃப்ரீமன் என்ற இருவர் இந்தப் படிகளை விளக்கினார்கள். கண்ணாடியைத் தண்ணீர் கரைக்காது என்று பள்ளியில் படித்துவிட்டு, அதே தண்ணீர் நுனியில் மட்டும், இழுபட்டிருக்கும் பிணைப்பை மட்டும் தேடிப் போய் அறுக்கிறது என்று தெரிந்துகொள்வது எவ்வளவு அழகு! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இதை 1967-லேயே அளந்து காட்டியவர் அமெரிக்க அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்த வைடர்ஹார்ன். நுண்ணோக்கியில் வைக்கிற சாதாரணக் கண்ணாடிச் சில்லுகளை எடுத்து, நைட்ரஜன் வாயுவில் ஈரப்பதத்தை 0.017 சதவீதத்திலிருந்து 100 வரை மாற்றி, விரிசல் நகரும் வேகத்தைப் பார்த்தார். அதே சுமைதான், ஈரம் கூடக்கூட வேகம் ஏறியது. கண்ணாடி விரிசல் நகர்வதை உட்கார்ந்து பார்ப்பதற்கெல்லாமா அரசுப் பணம் என்று யாராவது கேட்டிருக்கலாம். சில வருடங்களில் விண்வெளி ஓடத்தின் ஜன்னல்கள் எவ்வளவு காலம் தாங்கும் என்று கணக்கிட இதே வழிதான் உதவியது. நம் ஊர்க் கல்லூரிகளிலும் இப்படிப்பட்ட, உடனடிப் பலன் தெரியாத வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி வேலூர் வெயிலுக்கு வருவோம். வெப்பம் இந்த வேதிவினையை வேகப்படுத்தும். அதோடு, பகலெல்லாம் காய்ந்த கண்ணாடியில் திடீரென மழை விழுந்தால் மேற்பரப்பு சுருங்கப் பார்க்கும், உள்ளே சூடாக இருக்கும் பகுதி விடாது. அந்த இழுப்பும் நேராக நுனிக்குத்தான் போகும். ஈரம், சூடு, இழுப்பு மூன்றும் ஒரே சாயங்காலத்தில் சேர்ந்தன, ராத்திரியோடு ராத்திரியாக விரிசல் ஓடிவிட்டது. கொதிக்கிற கண்ணாடியில் பக்கெட் தண்ணீரை ஊற்றிக் கழுவினாலும், ஏறி உட்கார்ந்த உடனே ஏசியைக் கடைசிவரை திருகிக் கண்ணாடிப் பக்கம் அடிக்க விட்டாலும் இதே ஆபத்துதான். முதலில் ஜன்னலை இறக்கிச் சூட்டை வெளியே விடுங்கள்.

கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சை கட்டுபவர்களையும் பூசணிக்காய் உடைக்க வெள்ளிக்கிழமைவரை காத்திருப்பவர்களையும் பார்க்கிறேன். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்தக் காத்திருக்கும் நாட்களில்தான் புள்ளிக்குள் ஈரமும் தூசும் இறங்குகின்றன.

கல் பட்டதும் ஓரமாக நிறுத்தி, ஈரத்துணியால் துடைக்காமல், புள்ளி மேல் செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். அப்புறம் சீக்கிரமே கண்ணாடி வேலை செய்பவரிடம் காட்டுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் மறைத்துவிடக்கூடிய காயம் என்றால் பெரும்பாலும் சரிசெய்யலாம்: காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, ரெசின் என்ற பசை போன்ற திரவத்தை அழுத்தி உள்ளே செலுத்தி, புறஊதா விளக்கில் இறுக வைப்பார்கள். ரெசினின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு, கண்ணாடியின் எண்ணான 1.5-ஐ ஒட்டியே இருப்பதால் தழும்பும் மங்கிவிடும், முழுக்கப் போகாது. வாசகரின் கண்ணாடியில் விரிசல் விளிம்பைத் தொட்டிருந்தால், அல்லது ஓட்டுபவரின் பார்வைக்கு நேரே இருந்தால், ரெசின் வேண்டாம், மாற்றிவிடுவதுதான் நல்லது.